நிராகரிப்பை நிறுத்துப் பார்த்தல்: ஈழத்தமிழர் அடைக்கல வழக்குகளில் நீதிமன்ற மறுஆய்வு

1. பொருளும் எல்லையும்

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையை விட்டு வெளியேறிய தமிழர்களில் ஒரு பகுதியினர் ராமேசுவரம் கரையில் வந்திறங்கினார்கள். இன்னொரு பகுதியினர் லண்டன், டொரன்டோ, பாரிஸ், சூரிச் என்று விமானமேறினார்கள். போன இடத்தில் அசைலம் கேஸ் போட்டார்கள். கேஸ் ரிஜெக்ட் ஆனபோது வழக்கறிஞரைப் பிடித்து நீதிமன்றப் படியேறினார்கள். சிவகுமாரன், வில்வராஜா, இராசரத்தினம், திருநாவுக்கரசு, கரணாகரன், துரைசிங்கம் என்று அப்படிப் படியேறியவர்களின் பெயர்கள் இன்று உலகின் அகதிச் சட்ட நூல்களில் வழக்குப் பெயர்களாக நிலைத்துவிட்டன. ஒரு சிறிய இனம் பட்ட பாட்டிலிருந்து இத்தனை முன்தீர்ப்புகள் பிறந்திருப்பது தமிழில் ஆராயப்பட வேண்டிய செய்தி.

இக்கட்டுரை எடுத்துக்கொள்வது ஒரே ஒரு கட்டத்தை: அடைக்கலக் கோரிக்கை மறுக்கப்பட்ட பின், அந்த மறுப்பை நீதிமன்றம் திருப்பிப் பார்க்கும் கட்டம். இதை மேல்முறையீட்டோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மேல்முறையீட்டில் மேல் அமைப்பு சாட்சியத்தை மறுபடி எடைபோட்டுத் தன் முடிவை வைக்கலாம். மறுஆய்வில் நீதிபதியின் கேள்வி குறுகியது. முடிவெடுத்த அதிகாரி சட்டப்படி நடந்தாரா? கேட்க வேண்டியதைக் கேட்டாரா? அவர் சொன்ன காரணம் சாட்சியத்தோடு பொருந்துகிறதா? வந்தவரின் உயிருக்கு உண்மையில் ஆபத்து இருக்கிறதா என்ற கேள்வி அங்கே நேராக எழுவதில்லை. வென்றாலும் பெரும்பாலும் கோப்பு இன்னோர் அதிகாரியின் மேசைக்குத் திரும்பிப் போகும், அவ்வளவுதான்.

நிலவரி வழக்கிலோ உரிமம் பற்றிய வழக்கிலோ இந்தக் குறுகிய பார்வை போதும். தவறு நடந்தால் பின்னால் பணத்தால் ஈடுகட்டலாம். சித்திரவதைக்குத் திருப்பி அனுப்பப்பட்டவருக்கு எதைக் கொண்டு ஈடுகட்டுவது? ஆகவே உயிர் பற்றிய வழக்கில் மறுஆய்வின் எல்லை அகல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். தமிழர் வழக்குகள் அந்த எல்லையைச் சிறிது சிறிதாக அகலமாக்கியிருக்கின்றன. ஆனால் ஈழத்தமிழர் பெருந்தொகையாக வந்து சேர்ந்த இந்தியாவில், மறுஆய்வு செய்வதற்கு ஒரு முடிவே எழுதப்படுவதில்லை.

2. தமிழர் என்பது மட்டும் போதுமா

1951ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையும் 1967ஆம் ஆண்டின் நெறிமுறையும் அகதி யார் என்று வரையறுக்கின்றன. இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவில் உறுப்பாண்மை, அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றன் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற தக்க அடிப்படையுள்ள அச்சம் வேண்டும். சொந்த அரசின் பாதுகாப்பைப் பெற முடியாத நிலையோ, அந்த அச்சத்தால் பெற விரும்பாத நிலையோ வேண்டும்.

இந்த வரையறைக்குக் கனடாவில் ஆரம்பத்திலேயே உயிர் கொடுத்த வழக்குகளில் ஒன்று 1984ஆம் ஆண்டின் ராஜுதீன் வழக்கு. வழக்காடியவர் இலங்கையைச் சேர்ந்த, தமிழ் பேசும் முஸ்லிம். சிங்களக் கும்பல்களிடம் திரும்பத் திரும்ப அடிபட்டவர். போலீஸ் உதவிக்கு வரவில்லை என்றார். குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் அவரை அகதி அல்ல என்று தள்ளியது. கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் வாரியத்தின் முடிவைக் கலைத்தது. அடித்தது அரசின் கை அல்ல என்பதால் அது துன்புறுத்தல் ஆகாமல் போய்விடாது. தடுக்க வேண்டிய போலீஸ் பாராமுகமாக இருந்தால் அரசின் பாதுகாப்பு இல்லை என்றே பொருள் என்று அத்தீர்ப்பு உணர்த்தியது. தெருக் கும்பலும் காவல் நிலையமும் ஒன்றுக்கொன்று கண்ணசைத்துக்கொள்ளும் ஊரில் வாழ்ந்தவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. ஆனால் சட்ட ஏட்டில் ஏற அதற்கு ஒரு மறுஆய்வு தேவைப்பட்டது.

பிற்காலத்தில் கேள்வி வேறு பக்கம் திரும்பியது. தமிழர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருக்கு அடைக்கலம் கிடைக்குமா? பெரும்பாலான நீதிமன்றங்கள் கிடைக்காது என்றன. 2007இல் பிரிட்டனின் தீர்ப்பாயம், எல்பி என்ற வழிகாட்டு வழக்கில், கொழும்புக்குத் திரும்பும் தமிழருக்குரிய ஆபத்துக் கூறுகளாகப் பன்னிரண்டை வரிசைப்படுத்தியது. முன்பு கைதானவரா, தழும்பு உள்ளவரா, ஜாமீனிலிருந்து தப்பியவரா, குடும்பத்தில் விடுதலைப் புலிகள் இயக்கத்தோடு தொடர்புடையவர் உண்டா என்று அந்தப் பட்டியல் போகிறது. 2008இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், என்ஏ எதிர் ஐக்கிய இராச்சியம் வழக்கில், எல்லாத் தமிழருக்கும் பொது ஆபத்து உண்டு என்று சொல்ல மறுத்தது. ஆனால் தனித்தனியே பார்த்தால் சிறியவையாகத் தெரியும் கூறுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது. அந்த வழக்குக்காரரை அனுப்பினால் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 3ஆம் பிரிவு மீறப்படும் என்றும் தீர்ப்பளித்தது. போர் முடிந்த பின் 2010 ஜூலையில் ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையம், வடக்கிலிருந்து வரும் தமிழர் என்பதாலேயே அடைக்கலத்துக்குரியவர் என்று கொள்ளத் தேவையில்லை என்று தன் வழிகாட்டுதலை மாற்றிக்கொண்டது. 2013இல் வந்த ஜிஜே வழிகாட்டு வழக்கு, இலங்கையை ஒற்றை நாடாக வைத்திருப்பதற்கு அச்சுறுத்தல் என்று அரசு கருதக்கூடியவர்கள் மேல் கவனத்தைக் குவித்தது.

இந்தப் போக்கு முழுத் தவறு என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொருவரின் கதையையும் தனித்துப் பார்ப்பது சட்டத்தின் கடமை. ஆனால் இன ஒடுக்குமுறை தனித்தனி ஆளைத் தேடி வருவதற்கு முன்பே மொத்த மக்கள்மேல் கவிந்திருப்பது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போது பெயரைப் பார்த்தே ஒதுக்கி நிறுத்தப்பட்ட ஒருவரிடம், உன்னைக் குறிப்பாக ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்? அவரை நிறுத்த அந்தப் பெயரே போதுமானதாக இருந்தது.

3. ஆறு பேரின் வழக்கு

மறுஆய்வின் எல்லை எங்கே நிற்கிறது, அது எவ்வளவு ஆபத்தானது என்பதை 1987ஆம் ஆண்டின் சிவகுமாரன் வழக்கைப் போல வேறெதுவும் காட்டாது.

பிரிட்டனில் அடைக்கலம் கேட்ட ஆறு தமிழர்களின் கோரிக்கைகளை உள்துறை மறுத்தது. அன்றைய சட்டப்படி, நாட்டுக்குள் நுழைய அனுமதி மறுக்கப்பட்டவர் நடுவரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் நாட்டை விட்டுப் போன பிறகே செய்யலாம். பயந்து ஓடிவந்த இடத்துக்கே திரும்பிப் போய், அங்கிருந்துகொண்டு, எனக்கு அங்கே ஆபத்து என்று லண்டனுக்கு மனுப் போட வேண்டும். ஆகவே அவர்களுக்கு உடனடியாகக் கிடைத்த ஒரே வழி நீதிமன்ற மறுஆய்வு.

அச்சம் என்பதை எப்படி அளப்பது என்பதே சட்டக் கேள்வி. இயல்பான துணிவுள்ள ஒருவர் அவருடைய நிலையில் இருந்தால் பயந்திருப்பாரா என்று பார்த்தால் போதும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தமிழர்கள் பக்கம் சாய்ந்தது. அப்போது நாட்டின் உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1987 டிசம்பர் 16 அன்று அதை மாற்றியது. அச்சம் இருந்தால் போதாது. துன்புறுத்தப்படுவதற்கு நியாயமான அளவு வாய்ப்பு உண்மையாகவே இருக்க வேண்டும். அதை எடைபோட வேண்டியவர் உள்துறைச் செயலாளர் என்றது. பாதிக்கு மேற்பட்ட வாய்ப்பு என்ற உரிமையியல் அளவுகோலைவிட இது குறைந்த அளவுதான். அந்த வகையில் பிற்காலத்து அகதிகளுக்கு இத்தீர்ப்பு உதவியது. அந்த ஆறு பேருக்கு உதவவில்லை. அவர்களுடைய கோப்பில் செயலாளர் செய்த முடிவு நியாய வரம்புக்குள் இருக்கிறது என்று மன்றம் ஒதுங்கிக்கொண்டது.

அதே ஆண்டு பிப்ரவரியில் புக்தாய்காய் வழக்கில் அதே சபை, வாழும் உரிமை பற்றிய நிர்வாக முடிவுகளை மிகுந்த கவலையோடு நுணுகிப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. பத்து மாதங்களில் அந்தக் கவலை எவ்வளவு தூரம் செல்லும் என்பது தெரிந்துபோயிற்று.

1988 பிப்ரவரியில் அவர்கள் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அப்போது இந்திய அமைதிப்படை நிலைகொண்டிருந்தது. திரும்பியவர்களில் மூவர் அங்கே துன்புறுத்தப்பட்டதாகத் தெரிவித்தனர். அவர்களுடைய வழக்கறிஞர்கள் லண்டனில் மேல்முறையீடு தாக்கல் செய்தார்கள். அதை விசாரித்த நடுவர் 1989 மார்ச்சில், இவர்களுடைய அச்சத்துக்குத் தக்க அடிப்படை இருந்தது, இவர்களை அனுப்பியிருக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தார். அவ்வாண்டு அக்டோபரில் அவர்கள் பிரிட்டனுக்கு மீண்டும் வர அனுமதிக்கப்பட்டார்கள்.

இதைப் பொறுமையாக யோசித்துப் பார்க்க வேண்டும். நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் ஒரு முடிவைப் பார்த்து, குறை சொல்ல முடியாது என்கிறது. அதே மனிதர்களின் அதே கதையை, சாட்சியத்தை எடைபோடும் அதிகாரம் உள்ள ஒரு நடுவர் கேட்டபோது, முடிவு தவறு என்கிறார். இருவரும் தத்தம் வேலையைச் சட்டப்படியே செய்தார்கள். முடிவெடுத்த விதத்தைச் சோதித்த சபையின் பார்வைக்கு அகப்படாத உண்மை, முடிவையே சோதித்த நடுவருக்கு அகப்பட்டது. இடையில் ஓராண்டுக்கு மேல் அந்த மனிதர்கள் போர்க்களத்தில் இருந்தார்கள்.

அவர்களில் ஐவர் ஸ்ட்ராஸ்பர்க் போனார்கள். 1991 அக்டோபர் 30 அன்று வில்வராஜா வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அனுப்பப்பட்ட நேரத்தில் தெரிந்திருந்த தகவலின்படி அது ஐரோப்பிய உடன்படிக்கையின் மீறல் ஆகாது என்றது. பிரிட்டனின் நீதிமன்ற மறுஆய்வு பயனுள்ள பரிகாரமே என்றும் பெரும்பான்மை சொன்னது. இந்த இரண்டாவது முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. நடுவரின் தீர்ப்பு கண்முன் கிடக்கும்போது, அதற்கு முந்திய மறுஆய்வு பயனுள்ளது என்று எந்தக் கணக்கில் சொல்வது? பிரிட்டிஷ் நாடாளுமன்றமே 1993ஆம் ஆண்டின் அடைக்கலச் சட்டத்தால், நாட்டுக்குள் இருந்துகொண்டே மேல்முறையீடு செய்யும் உரிமையைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

4. கொழும்பு போகலாமே

யாழ்ப்பாணத்தில் ஆபத்து என்றால் கொழும்பில் போய் இருக்கலாமே? தமிழர் கோரிக்கைகளை மறுக்க அதிகாரிகள் மிக அதிகம் பயன்படுத்திய காரணங்களில் இதுவும் ஒன்று. சட்டத்தில் இதை உள்நாட்டு மாற்றிடம் என்பார்கள். இந்தக் கோட்பாட்டின் கனடிய வடிவத்தை ஏறக்குறைய முழுவதுமாகத் தமிழர் வழக்குகளே செதுக்கின.

1991இல் இராசரத்தினம் வழக்கு இரண்டு கிளை உள்ள சோதனையை வகுத்தது. மாற்றிடத்தில் துன்புறுத்தப்படும் கனமான வாய்ப்பு இருக்கக் கூடாது. அந்த ஊரில் அவர் போய் வாழ்வது எல்லாச் சூழலையும் பார்க்கும்போது நியாயமற்றதாக இருக்கக் கூடாது. 1993இல் திருநாவுக்கரசு வழக்கில் நீதிபதி லிண்டன் இதை விரித்தார். மாற்றிடம் என்பது காகிதத்தில் மட்டும் இருக்கக் கூடாது, எட்டிப் பிடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். போர்முனையைக் கடந்துதான் அங்கே போக முடியும் என்றாலோ, போய் மலைக் குகையிலும் காட்டிலும் ஒளிந்துகொண்டுதான் வாழ முடியும் என்றாலோ அது மாற்றிடம் ஆகாது என்றார். மாற்றிடம் பற்றிய கேள்வி எழும் என்று கோரிக்கையாளருக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்பதும் இவ்வழக்குகளால் நிலைபெற்ற விதி. இது சிறிய விதியாகத் தோன்றலாம். ஹியரிங்கில் முழுநேரமும் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியைப் பற்றியே பேசிவிட்டு, நிராகரிப்புக் கடிதத்தில் கொழும்பின் வெள்ளவத்தையைப் படிப்பவரின் நிலையை எண்ணினால் அதன் அருமை புரியும்.

2000ஆம் ஆண்டின் ரங்கநாதன் வழக்கு கதவைச் சற்றுச் சாத்தியது. கொழும்பில் உறவினர் யாரும் இல்லை என்ற ஒன்று மட்டும் அதை நியாயமற்ற இடமாக்காது. உயிருக்கும் பாதுகாப்புக்கும் ஊறு செய்யும் நிலை வேண்டும் என்று கனடிய மேல்முறையீட்டு நீதிமன்றம் கண்டது. உறவு இல்லாத ஊரில் ஒரு தமிழ்ப் பெண் தங்குவது லாட்ஜையும் போலீஸ் பதிவையும் சுற்றிச் சோதனையையும் தனியாக எதிர்கொள்வது என்பதை அந்த வரையறை போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அதே 2000இல் பிரிட்டனில் வந்த கரணாகரன் தீர்ப்பு இதற்கு நேர் எதிர்த் திசையில் நிற்கிறது. இதுவும் கொழும்புக் கேள்விதான். அகதிக் கோரிக்கையில் ஒவ்வொரு நிகழ்வையும் தனியே எடுத்து நிரூபணமானதா இல்லையா என்று கோடு கிழித்துத் தள்ளக் கூடாது. ஐயத்துக்கிடமானவை உட்பட எல்லாவற்றையும் சேர்த்து வைத்து எதிர்கால ஆபத்தை மதிப்பிட வேண்டும் என்று நீதிபதிகள் புரூக்கும் செட்லியும் விளக்கினார்கள். மறுஆய்வுக் கலையில் தமிழர் வழக்கு ஈட்டித் தந்த மிகச் சிறந்த கருவி இது என்பது என் கணிப்பு. சாட்சியம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் மட்டுமே இருக்கும் வழக்குகளுக்கு வேறு எந்த அளவுகோலும் நீதி செய்யாது.

5. முதுகுத் தழும்புகள்

தழும்பு மட்டும் சாம்பலாவதில்லை. அதுவும் நம்பப்படாமல் போன கதை கேவி வழக்கு. 2019 மார்ச் 6 அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கோரிக்கையாளர் நகைத் தொழில் தெரிந்தவர். இயக்கத்துக்காகத் தங்கம் உருக்கும் வேலையில் தாம் உதவியதாகவும், போர் முடியும் தறுவாயில் படையினரிடம் பிடிபட்டதாகவும், காவலில் வைத்துக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் கையிலும் முதுகிலும் சுட்டதாகவும் சொன்னார். மருத்துவர் தழும்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கையில் இருந்தவற்றின் ஓரம் கலங்கியிருந்தது. முதுகில் நீண்டு கிடந்தவற்றின் ஓரம் அளவுகோல் வைத்து வரைந்ததுபோல் நேராக இருந்தது. சூடு வைக்கும்போது ஆள் துடித்தால் ஓரம் கலங்கும். முதுகில் நேராக விழுந்திருப்பதால் அப்போது அவர் அசையவில்லை. கையில் சுட்டபோது தமக்கு நினைவு இருந்தது, பிறகு மயங்கிவிட்டேன், முதுகில் சுட்டது மயக்கத்தில்தான் என்று அவர் சொன்னதோடு இது பொருந்தியது.

தீர்ப்பாயம் அதே நேர்க்கோட்டை எடுத்து எதிர்ப் பக்கம் திருப்பியது. அசையாத முதுகு மயக்க மருந்து கொடுத்த முதுகாகவும் இருக்கலாம். அடைக்கலம் கிடைக்க வேண்டும் என்று தெரிந்த ஆளை வைத்து அவரே சுட்டுக்கொண்டிருக்கலாம் என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரும்பான்மையும் மருத்துவர் தம் எல்லையைத் தாண்டிப் பேசியதாகக் குறை கண்டது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி லார்ட் வில்சன் இதைத் திருத்தினார். சித்திரவதையை ஆவணப்படுத்தும் இஸ்தான்புல் நெறிமுறைப்படி, காயம் எப்படி ஏற்பட்டது என்ற கூற்று மொத்தமாக எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்வது மருத்துவரின் வேலையே. அதோடு, ஒருவர் மயக்க மருந்து ஏற்றிக்கொண்டு பழுக்கக் காய்ச்சிய இரும்பால் தம் உடம்பைப் பிறரை விட்டுச் சுடவைப்பது எத்தனை அரிது என்பதையும் எடைபோட்டிருக்க வேண்டும் என்றார். வழக்கு மறுவிசாரணைக்குத் திரும்பியது.

அந்த மனிதர் இங்கிலாந்துக்கு வந்தது 2011இல். தீர்ப்பு வந்தது 2019இல். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவருக்குக் கிடைத்தது இன்னொரு ஹியரிங். மறுஆய்வு வென்ற வழக்கிலேயே நிலை இது.

6. மன்றம் வரை வர முடிந்தவர்கள்

மன்றத்தின் முன் வந்துசேர முடிந்தவர்களைப் பற்றியே இதுவரை பேசினோம். வந்துசேர்வதே பெரும்பாடு.

கனடாவில் 1985 ஏப்ரல் 4 அன்று வந்த சிங் தீர்ப்பு இதில் மைல்கல். சீக்கியர் உள்ளிட்ட கோரிக்கையாளர்களை நேரில் கேட்காமல் எழுத்துப் படியை வைத்தே மறுத்தார்கள். நம்பகத்தன்மை கேள்விக்குள்ளாகும்போது நேரில் கேட்காமல் மறுப்பது அடிப்படை நீதிக்கு மாறானது, கனடிய மண்ணில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் உரிமைச் சாசனம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்ற நீதிபதி பெர்தா வில்சன் எழுதினார். அதன் பயனாக 1989இல் குடிவரவு அகதிகள் வாரியம் வந்தது. டொரன்டோவில் இன்று வாழும் தமிழ்க் குடும்பங்களில் எத்தனையோ அந்த வாரியத்தின் ஹியரிங் அறை வழியாக வந்தவை. ஆனால் வாரியம் மறுத்தால் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்க முதலில் நீதிபதியின் அனுமதி வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டால் அதற்குக் காரணம் எழுதப்படுவதில்லை, மேல்முறையீடும் இல்லை. அனுமதி தருவதில் நீதிபதிக்கு நீதிபதி பெரிய வேறுபாடு இருப்பதை யார்க் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஷான் ரெஹாக்கின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2019 டிசம்பரில் வந்த வாவிலோவ் தீர்ப்பு, ஒரு முடிவால் ஒருவரின் வாழ்வு எவ்வளவு பாதிக்கப்படுகிறதோ அவ்வளவுக்குக் காரணமும் கனமாக இருக்க வேண்டும் என்கிறது. அனுமதிக் கட்டத்துக்கும் இந்தக் கொள்கை நீள வேண்டும்.

ஆஸ்திரேலியா, கடலில் வந்தவர்களைச் சட்டத்துக்கு வெளியே வைக்கப் பார்த்தது. கிறிஸ்துமஸ் தீவில் வைக்கப்பட்ட இரண்டு இலங்கைத் தமிழர்களின் வழக்கில், 2010 நவம்பர் 11 அன்று உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக, அவர்களுக்கும் முறையான விசாரணை உரிமை உண்டு என்றார்கள். 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து 157 தமிழர்களோடு கிளம்பிய படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு மாதம் சுங்கக் கப்பலின் உள்ளறைகளில் அவர்கள் அடைபட்டிருந்தார்கள். அந்தக் காவல் சட்டப்படி சரியே என்று 2015 ஜனவரியில் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது.

எல்லாவற்றிலும் கடுமையானது அமெரிக்காவின் துரைசிங்கம் தீர்ப்பு. இலங்கைத் தமிழரான அவர் மெக்சிகோ எல்லையைத் தாண்டிச் சுமார் 25 கெஜம் வந்ததும் பிடிபட்டார். வேனில் வந்த ஆட்கள் தம்மைக் கடத்தி அடித்ததாகச் சொன்னார். அடி வாங்கியதை அதிகாரி நம்பினார். அடித்தவர் யார், ஏன் என்று இவரால் சொல்ல முடியவில்லை என்பதால் இன அடிப்படையோ அரசியல் அடிப்படையோ நிறுவப்படவில்லை என்று மறுத்தார். வெள்ளை வேனில் வருபவர்கள் பெயர் சொல்லிவிட்டு அடிப்பதில்லை என்பது இலங்கையில் சிறு பிள்ளைக்கும் தெரியும். இந்த மறுப்பைத் திருப்பிப் பார்க்க ஆட்கொணர்வு மனு மூலம் அவர் நீதிமன்றத்தை நாடியபோது, 2020 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்த்தது. விரைவு வெளியேற்ற முறையில் மறுக்கப்பட்டவருக்கு அந்த மனு வழியாக மறுஆய்வு கேட்கும் உரிமை இல்லை என்றது. நீதிபதிகள் சோட்டோமேயரும் கேகனும் மாறுபட்டார்கள். அதிகாரியின் பிழை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எந்த நீதிமன்றமும் பார்க்க முடியாது என்ற நிலை இதனால் வந்தது.

7. வளையமாதேவியும் குறிஞ்சிப்பாடியும்

இனி நம் மண்ணுக்கு வருவோம். முதலில் ஒப்பீட்டுக்காக ஒரு நில வழக்கு. 2023 ஜூலை 26 அன்று, சேத்தியாத்தோப்புக்கு அருகே வளையமாதேவியில், கதிர் விட்ட நெல் வயலில் நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்எல்சி பொக்லைன் எந்திரங்களை இறக்கிப் பரவனாற்று மாற்றுக் கால்வாயை வெட்டியது. பச்சைப் பயிர் மண்ணுக்குள் புதைந்ததைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்துப் பதறியது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நிலம் எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டது என்றது நிறுவனம். நீண்ட காலம் சுவாதீனம் எடுக்காமல் விட்டதுதானே பயிர் வைக்கக் காரணம் என்றனர் விவசாயிகள். சில நாட்களுக்குள் பாழான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தத் தொகை போதுமா என்பது வேறு. நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. வளையமாதேவி விவசாயியின் கையில் நிலமெடுப்பு ஆணை என்ற காகிதம் இருந்தது. அதில் தேதியும் கையெழுத்தும் இருந்தன. அதைக் காட்டி, இது தவறு என்று நீதிபதியிடம் சொல்ல முடிந்தது.

அதே கடலூர் மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடியை அடுத்த அம்பலவாணன்பேட்டையில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. தமிழ்நாடு முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள் இப்படி உண்டு. 1983 முதல் வந்தவர்கள் மொத்தம் மூன்று லட்சத்துக்கு மேல். முகாமில் வாழ்பவரிடம் கியூ பிரிவு போலீஸின் பதிவு இருக்கும், குடும்ப அட்டை இருக்கும், மாதப் பணக்கொடை வரும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்துப் புதிய வீடுகள் கட்டத் தொடங்கியது. முகாம்களின் பெயரையும் மாற்றியது. இவை எல்லாம் நல்லவை. ஆனால் இவர் அகதி என்றோ அகதி இல்லை என்றோ காரணம் எழுதிய ஒரு தாள் எவரிடமும் இல்லை. இந்தியா 1951 உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிச் சட்டமும் இயற்றவில்லை. சட்டத்தின் கண்ணில் அவர் அயல்நாட்டவர். அயல்நாட்டவரை வெளியேற்றும் அதிகாரம் வரம்பற்றது என்று 1955இலேயே ஹான்ஸ் முல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இந்த வெற்றிடத்திலும் நீதிமன்றங்கள் சில கைப்பிடிகளைக் கண்டெடுத்தன. 1992இல் இலங்கைக்குத் திருப்பி அனுப்பும் வேலை வேகமெடுத்தபோது பழ. நெடுமாறனும் மருத்துவர் ச. ராமதாசும் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினர். விருப்பத்தோடுதான் போகிறார்களா என்று சரிபார்க்க ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையம் இருக்கிறது என்ற நிலையில் அந்த வழக்கு நின்றது. 1996 ஜனவரி 9 அன்று அருணாசலப் பிரதேசச் சக்மா மக்களுக்காகத் தேசிய மனித உரிமை ஆணையம் தொடுத்த வழக்கில், அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு குடிமக்கள் அல்லாதவரின் உயிரையும் காக்கிறது என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2019 ஜூனில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், மலையகத் தமிழர் 65 பேரின் குடியுரிமை மனுக்களைப் பரிசீலிக்க உத்தரவிட்டார். 2022இல் அவரே, 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணின் வழக்கில், 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகள் என்று கண்டு பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னார். 2024 ஏப்ரலில் அந்தப் பெண் திருச்சித் தொகுதியில் வாக்களித்தார்.

கவனித்தால், இவ்வழக்குகள் எதிலும் திரும்பினால் துன்புறுத்தப்படுவோம் என்ற ஒருவரின் அச்சம் விசாரணைக்கு வரவில்லை. பிறந்த தேதி வந்தது, வம்சாவளி வந்தது, விருப்பம் வந்தது. அச்சம் நேராக வந்தது 2025 மே 19 அன்று. சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் தண்டிக்கப்பட்டு ஏழு ஆண்டு முடித்த ஓர் இலங்கைத் தமிழர், அனுப்பினால் உயிருக்கு ஆபத்து என்றார். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் தீபாங்கர் தத்தாவும் வினோத் சந்திரனும், உலகெங்கும் உள்ள அகதிகளை ஏற்க இந்தியா சத்திரம் அல்ல, இங்கே குடியிருக்கும் உரிமை குடிமக்களுக்கே என்று மனுவைத் தள்ளினார்கள். தண்டனை பெற்றவர் என்பது வழக்கின் ஒரு பகுதி. அதை நான் மறைக்கவில்லை. தண்டனை பெற்றவரையும் சித்திரவதைக்கு அனுப்பலாமா என்பது தனிக் கேள்வி. 2002இல் கனடிய உச்ச நீதிமன்றம் சுரேஷ் வழக்கில், இயக்கத்துக்கு நிதி திரட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்கே, ஆதாரங்களைக் காட்டிப் பதில் சொல்ல வாய்ப்பளித்து எழுத்தில் காரணம் தர வேண்டும் என்றது. நம் நீதிமன்றத்தில் அந்த ஆபத்து இருக்கிறதா இல்லையா என்று எடைபோட்டுப் பார்ப்பவர் யார் என்ற கேள்விக்கே விடை இல்லை.

2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடிவரவு, அயல்நாட்டவர் சட்டத்தின் கீழ் ஒரு விலக்கு ஆணை வெளியாயிற்று. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து அது விலக்குத் தருகிறது. சட்டவிரோதக் குடியேறி என்ற பட்டத்தை நாற்பதாண்டுகளாகச் சுமந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். குடியுரிமை ஆகாது, அகதித் தகுதியும் ஆகாது.

2022 மார்ச்சிலிருந்து, இலங்கையின் பொருளாதாரம் சரிந்தபோது தனுஷ்கோடி மணல்திட்டுகளில் வந்திறங்கி மண்டபத்தில் தங்கவைக்கப்பட்டவர்கள் அந்தத் தேதிக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களில் பசியால் வந்தவர் யார், பயத்தால் வந்தவர் யார் என்று பிரித்துக் கேட்க ஓர் அதிகாரியும் ஓர் அறையும் வேண்டும். அவர்கள் வீட்டில் பேசும் தமிழிலேயே அந்த விசாரணை நடக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். இதற்குப் புதிய நாடாளுமன்றச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 21ஆம் பிரிவையும் சக்மா தீர்ப்பையும் வைத்துக்கொண்டு, இத்தகைய எழுத்து ஆணை இல்லாமல் எவரையும் அனுப்பக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமோ மதுரைக் கிளையோ ஒரு நீதிப்பேராணையில் சொல்லலாம்.